பாறைக்குப் பின்னால் நின்றால் நிலை உயராது

பகலில் பல் பிடுங்கி, மாலையில் பகைவரைப் பொசுக்கும் மந்திரவாதியாய் மாறி, இன்று இந்த அவைக்குத் தலைமை தாங்கும் பல் மருத்துவர் அவர்களே! விடியுமுன் மாவு பிசைந்து, பொழுது சாய்ந்ததும் வாளெடுக்கும் எங்கள் பேக்கரிக்காரர் அவர்களே! இந்தப் பிள்ளைகள் அந்தக் கணினிக்குள் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்க வந்து, பாதிச் சந்தேகத்தோடும் பாதிச் சிரிப்போடும் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளை அழைத்துப் போக வந்து, பிள்ளைகளுக்கு முன்னால் இடம் பிடித்துவிட்ட தாய்மார்களே! கேடயம் தாங்குவோரே, வில் வளைப்போரே, மந்திரம் முணுமுணுப்போரே, எந்தப் பொத்தான் எதற்கென்று இன்னும் விளங்காமல் விழித்துக்கொண்டிருக்கும் என் அருமைப் புதியவர்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'குறைந்த நேரத்தில் நிறைந்த நிலை'. தலைவர் வைத்த தலைப்பு. நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். யார் எதைச் சொன்னாலும் 'எதை வைத்துச் சொல்கிறீர்கள்?' என்று கேட்டுக் கேட்டே பழகிய வாய் இது. இந்த வாயை மேடையேற்றி ஒலிபெருக்கியையும் கொடுத்துவிட்டார் தலைவர். இனி அவர் பாடு.

முதலில் தாய்மார்களுக்காக இரண்டு வார்த்தை. நம் விளையாட்டில் ஒவ்வொருவரும் ஓர் உருவம் எடுத்துக்கொள்கிறோம். எல்லோரும் முதல் நிலையில்தான் பிறக்கிறோம். மிருகங்களை வென்றால் அனுபவப் புள்ளி. புள்ளி நிறைந்தால் அடுத்த நிலை. ஏறி ஏறி அறுபதைத் தொட்டால் உச்சி. உச்சியைத் தொட்ட ஐந்து பேர் ஓர் அணியாகச் சேர்ந்தால்தான் பருவத்தின் பெருங்கோட்டைக்குள் நுழைய முடியும். பருவம், அதாவது சீசன், முடிந்தால் கோட்டைக் கதவு மூடிவிடும். இவ்வளவுதான் விஷயம். இதற்காகத்தான் உங்கள் பிள்ளை, கூப்பிட்ட குரலுக்கு 'தோ வரேம்மா' என்று சொல்லிவிட்டு வராமலே இருக்கிறான்.

இனித் தலைப்புக்கு வருகிறேன். விரைவாக நிலை உயர என்ன வழி?

சொல்லுங்கள், கேட்கிறேன். என்ன? 'கண் முழிச்சு ஆடணும்' என்கிறீர்களா? அந்த மூலையிலிருந்து ஒரு சிவப்புச் சட்டை சொல்கிறது. தம்பி, கேளுங்கள். சத்திரத்துக்குள் போய் உருவத்தைப் படுக்கவைத்துவிட்டு வெளியேறினால், நீங்கள் இல்லாத நேரத்துக்கெல்லாம் ஓய்வுப் புள்ளி சேர்கிறது. மறுநாள் வென்ற ஒவ்வொரு மிருகத்துக்கும் இரட்டைப் புள்ளி. தூங்குகிறவனுக்குக் கூலி கொடுக்கும் உலகம் இது ஒன்றுதான். அதில் போய்த் தூங்காமல் இருக்கிறீர்களே! தாய்மார்கள் கை தட்டுகிறீர்கள். தட்டுங்கள், இன்று வீட்டில் இதைச் சொல்லியே அடிக்கலாம்.

வேறென்ன வழி? பெரிய மிருகமாகப் பார்த்து அடிப்பதா? பத்து நிமிடம் போராடி ஒரு மலைக்கரடியை வீழ்த்துகிறவரைவிட, அதே பத்து நிமிடத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே நரிக்கூட்டத்தை முடிக்கிறவர் இரண்டு மடங்கு ஏறுகிறார். ஒரே திசையில் இருக்கும் பணிகளைச் சேர்த்து எடுக்காமல், ஒன்றுக்குப் போய்த் திரும்பி, இன்னொன்றுக்குப் போய்த் திரும்பி, வழியிலேயே வாழ்க்கையைத் தொலைக்கிறவர்கள் எத்தனை பேர்! பையைக் காலி செய்யாமல் புறப்பட்டு, பாதியில் பை நிறைந்து, பரிதாபமாய்ப் படி இறங்கி வருகிறவர்கள் எத்தனை பேர்! கை தூக்க வேண்டாம். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

இவையெல்லாம் சின்ன வழிகள். யாரும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது பெரிய வழி. அதை நான் எந்தப் புத்தகத்திலும் கற்கவில்லை. எங்கள் வீட்டிலேயே கண்டேன். அதைச் சொல்ல நான் ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். என் கணவரின் அக்கா. நான் கூப்பிடுவதும் அக்கா என்றே. எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார்; கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்கச் சின்னஞ்சிறு திருகாணிகளை முடுக்கி, மூக்குக் கண்ணாடிகளைத் துடைத்து, 'இப்போ எழுத்து தெரியுதா பாருங்க' என்று கேட்கிற வேலை. முதல் வரிசையில்தான் இருக்கிறார். 'எழுந்திரிங்க, எழுந்திரிங்க' என்று நீங்கள் கத்தினாலும் எழ மாட்டார். என்னை முறைக்கிறார் பாருங்கள், அவர்தான்.

அக்காவுக்கு ஒரே மகன். கப்பலில் மின்சாரப் பொறியாளர் வேலைக்குத் தேர்வாகி, தொலைதூரத்தில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் பயிற்சியில் இருந்தான். விளையாட்டில் அவனை உங்களுக்குத் தெரியும். இரும்பன்! ஆமாம், கைதட்டல் கேட்கிறது, அந்த இரும்பன்தான். இரண்டு கொம்பு வைத்த தலைக்கவசம், எரிகிற கேடயம், எதிரியின் முன்னால் முதலில் போய் நிற்கிற இரும்பன். ஆனால் அம்மாவிடம் தொலைபேசியில் பேசும்போது அந்த இரும்பனின் வீரத்தைக் கேட்டிருக்கிறீர்களா?

"சாப்ட்டியா?"

"ம், சாப்ட்டேன்."

"தூங்கினியா?"

"ம்."

"வேற என்ன?"

"வேற ஒண்ணுமில்லம்மா. வெச்சிடவா?"

முடிந்தது. தினமும் இதே உரையாடல். தேதி மட்டும்தான் மாறும்.

ஒரு மாலை நான் ஆடிக்கொண்டிருந்தேன். அக்கா என் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். காதில் வைத்திருந்த கருவியின் கம்பி பிடுங்கிக்கொண்டது. அறை முழுக்க அவனுடைய குரல்! சிரிக்கிறான், கத்துகிறான், பேக்கரிக்காரரைக் கலாய்க்கிறான், தன் தங்குமிடத்தில் தண்ணீர் வராத கதையை நடித்தே காட்டுகிறான். அக்காவின் கையில் மடிக்காத சட்டை அப்படியே நின்றது.

"யாரு, நம்ம பையனா?"

"ஆமாக்கா."

"இவனுக்கு இவ்வளவு பேச வருமா?"

அக்கா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சட்டையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "என்னையும் அதுல சேர்த்து விடு."

"அக்கா, அதுல சண்டை போடணும்."

"உன் வீட்டுக்காரன்கூடப் பொறந்து வளர்ந்தவ நான். எனக்கே சண்டை சொல்லித் தரியா?"

பேச்சில் நான் தோற்றேன். அக்கா உருவம் எடுத்தார். மருத்துவச்சி. அடிபட்டவரைக் காப்பாற்றுகிற, விழுந்தவரை எழுப்புகிற உருவம். அந்த நேரம் பார்த்து எங்கள் அணியில் மருத்துவச்சி இடம் காலி. பழையவர் வேலை மாறிப் போய்விட்டார். ஐந்து பேரில் கேடயம் இரும்பன், மந்திரம் நம் தலைவர், வாள் பேக்கரிக்காரர், வில் அடியேன். ஐந்தாவது இடத்தில் தான் நிற்க வேண்டும், மகன் பக்கத்தில் ஒரு தடவையாவது அந்தக் கோட்டைக்குள் போக வேண்டும். அக்காவுக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஏனென்றால் பருவம் முடிந்த மறு வாரம் அவன் கப்பல் ஏறுகிறான். ஏறிவிட்டால் குறுஞ்செய்தி போகும், விளையாட்டு போகாது.

தலைவரிடம் கேட்டோம். தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? இதோ பக்கத்தில்தான் இருக்கிறார், மறுக்கட்டும் பார்ப்போம்.

"இங்க பாருங்கம்மா, சீசன் முடியறதுக்குள்ள அறுபது வரணும். இல்லேன்னா வேற குழுவுலேர்ந்து ஆள் எடுத்துடுவேன். சொந்தக்காரங்கன்னு பார்க்க முடியாது. ஆடுற பல்லைப் பாவம்னு விட்டா, பக்கத்துப் பல்லும் ஆடும்."

தலைவர் தலையாட்டுகிறார். சொன்னதை ஒப்புக்கொள்கிற தலைவர் கிடைப்பது அரிது. ஒரு கைதட்டல் கொடுங்கள்.

மகனுக்கு விஷயம் தெரிந்தது. பாசக்காரப் பிள்ளை அல்லவா? "அம்மா, நீ ஒண்ணும் பண்ண வேணாம். நான் பார்த்துக்கறேன். என் பின்னாடியே வா" என்றான். நேரே கூட்டிக்கொண்டு போன இடம் நாகப் பள்ளத்தாக்கு. புதியவர்களே, அது ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் போகிற இடம். அங்கே ஒரு நாகம் மூச்சு விட்டாலே நீங்கள் சாம்பல். அம்மாவை ஒரு பாறைக்குப் பின்னால் நிறுத்தினான். "இங்கயே நில்லும்மா. எதையும் தொடாதே. புள்ளி தானா வரும்."

அவன் வெட்டுகிறான், நாகம் விழுகிறது. அவன் வெட்டுகிறான், அடுத்த நாகம் விழுகிறது. அம்மா பாறையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஒரு நாள் இல்லை, ஒவ்வொரு மாலையும். நடுநடுவே குரல் கேட்கும்.

"டேய், இந்தப் பாறைக்குப் பின்னாடி நிக்கறதுக்கு நான் எதுக்கு? ஒரு மூட்டையைக் கொண்டாந்து வெச்சாப் போதாதா?"

"பேசாதம்மா, நாகத்துக்குக் காது கேக்கும்."

"நாகத்துக்குக் கேக்குது. உனக்குத்தான் கேக்கல."

சிரிக்கிறீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், இங்கே எத்தனை பேர் இப்படித்தான் ஏற நினைக்கிறோம்? வலியவர் ஒருவர் வெட்ட வேண்டும், நாம் பாறைக்குப் பின்னால் நிற்க வேண்டும், புள்ளி பொழிய வேண்டும். எத்தனை அண்ணன்மார் இங்கே தம்பிகளை இப்படி இழுத்துப் போகிறீர்கள்! எத்தனை பேர் அதைப் பெரிய உதவி என்று பெருமை பேசுகிறீர்கள்!

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். நடக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டேன். நடக்கிறதா என்று பார்ப்பேன். அக்காவின் திரையில், புள்ளி சேரச் சேர நகருமே ஒரு கோடு, அதைப் பார்த்தேன். நாகம் விழுகிறது, கோடு நகரவில்லை. அடுத்த நாகம் விழுகிறது, கோடு இமைகூடக் கொட்டவில்லை. இரும்பனைக் கூப்பிட்டேன்.

"உன் நாகத்தால உங்கம்மாவுக்குக் கிடைக்கறது ஒரு முயலுக்குக் கிடைக்கறதைவிடக் கம்மி."

"அத்தை, அது ராட்சச நாகம்!"

"அது முயல்."

"சான்ஸே இல்ல அத்தை. நீங்க பாடம் எடுக்கறதுலயே இருங்க."

சரி, பார்த்துவிடுவோம் என்றேன். அக்காவை ஊர் எல்லைப் புல்வெளிக்கு அனுப்பினேன். கையில் ஒரு குச்சி. எதிரே ஒரு முயல். இரும்பன் கொம்பும் கேடயமுமாய் வந்து நின்று வேடிக்கை பார்க்கிறான். அக்கா குச்சியால் அடித்தார். தவறியது. முயல் கடித்தது. மறுபடி அடித்தார். முயல் விழுந்தது. புள்ளிக் கோடு நகர்ந்தது! எல்லோரும் பார்க்க, பளிச்சென்று நகர்ந்தது! ராட்சச நாகத்தை ஒரு முயல் ஜெயித்த காட்சியை நான் அன்று கண்டேன்.

ஏன் அப்படி? விளையாட்டைச் செய்தவர்கள் ஏமாளிகள் இல்லை. அணியில் ஒருவர் உச்சியிலும் ஒருவர் அடியிலும் இருந்தால், புள்ளி நிலைக்குத் தக்கபடி பங்காகிறது. இடைவெளி எவ்வளவு பெரிதோ, கீழே இருப்பவருக்குச் சிந்துவது அவ்வளவு சிறிது. வலியவர் பக்கத்தில் நிற்பதே அக்காவைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது. பிள்ளை பாசத்தோடுதான் அழுத்தினான். அதுதான் கொடுமை!

அப்படியானால் அம்மா தனியாக முயல் அடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதானா? அதற்குள் பருவம் போய்விடுமே! கப்பல் போய்விடுமே!

அன்பர்களே, ஊரின் மேற்கு வாசலைத் தாண்டியதும் இடது பக்கம் ஒரு கல் இருக்கிறது. நாம் எல்லோரும் ஆயிரம் முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறோம். சமன்கல். தொட்டவர் யார்? கையைத் தூக்குங்கள். ஒன்று, இரண்டு... போதும், எனக்குத் தெரியும். அறுபதில் இருக்கிறவர் அந்தக் கல்லைத் தொட்டால், கூட இருக்கிறவரின் நிலைக்கு இறங்கிவிடுவார். இருபத்திரண்டாம் நிலைக்காரரோடு போனால் நீங்களும் இருபத்திரண்டு. வலிமை போகும். கிரீடம் போகும். சிறகு போகும். எரியும் கேடயம் அணையும். மேலே ஒரு பழுப்புத் துணி, கையில் ஒரு மரக்கட்டை. ஆனால், ஆனால், ஆனால்! அணியில் இடைவெளி இல்லாமல் போகும். இடைவெளி இல்லையென்றால் கழிவும் இல்லை. கீழே இருப்பவருக்கு முழுப் புள்ளி!

இவ்வளவு பெரிய வழியை ஏன் யாரும் எடுக்கவில்லை? தெரியாமலா? தெரியும். எல்லோருக்கும் தெரியும். பழுப்புத் துணி! அந்தப் பழுப்புத் துணிதான் காரணம்! ஊர் நடுவே அதைப் போட்டுக்கொண்டு நடக்க யாருக்கு மனம் வரும்?

இரும்பனிடம் சொன்னேன். பதறிப்போனான்.

"அத்தை, என் கொம்பு போயிடும்!"

"போனாப் போகட்டுமே. திரும்ப வந்துடும்."

"பசங்க பார்த்தா மானம் போயிடும் அத்தை. அதெல்லாம் வேணாம். நான் இன்னும் பெரிய நாகமாப் பார்க்கறேன்."

அக்கா மகனிடம் 'இறங்கி வாடா' என்று கேட்கவே இல்லை. நான்தான் கல்லைத் தொட்டேன். பேக்கரிக்காரரைக் கேட்டேன். "மாவு பிசையறவனுக்கு எந்தச் சட்டையா இருந்தா என்னக்கா?" என்று அவரும் தொட்டார். நம் தலைவர் இருக்கிறாரே, மூன்று நாள் யோசித்தார். 'நான் மந்திரவாதி, எனக்குன்னு ஒரு பேர் இருக்கு' என்றார். நாலாம் நாள், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து வந்து தொட்டார். பழுப்புத் துணியில் அவரைப் பார்த்த முதல் ஆள் நான். சத்தியமாகச் சொல்கிறேன், அழகாகத்தான் இருந்தார்.

ஆந்தைக் காட்டுக்குப் போனோம். நான்கு பழுப்புத் துணிகள். கேடயக்காரர் இல்லை. ஆந்தைகள் எங்களைக் கொத்துக் கொத்தென்று கொத்தின. விழுந்தோம், எழுந்தோம், மறுபடி விழுந்தோம். ஆனால் அக்கா! பாறைக்குப் பின்னால் மூட்டையாய் நின்றாரே, அதே அக்கா! அவர் ஒரு நொடி தாமதித்தால் நாங்கள் செத்தோம். அது அவருக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்ததும் ஒரு குரல் எழும்பியது பாருங்கள்!

"பேக்கரித் தம்பி, பின்னாடி! பின்னாடி பாரு! டாக்டர், நகருங்க, நெருப்புல நிக்கறீங்க! நகருங்கன்னா நகரணும், அப்புறம் யோசிக்கலாம்!"

தலைவர் நகர்ந்தார். இந்த ஊரில் யார் சொல்லியும் நகராத தலைவர், அக்கா சொல்லி நகர்ந்தார்!

காட்டின் மேட்டில் கொம்பு இரண்டு தெரிந்தது. இரும்பன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் மட்டும் கேட்டான்.

"அத்தை, யாரு இப்படிக் கத்துறது?"

"உங்கம்மாதான்."

"எங்கம்மாவா?"

பதில் சொல்ல எனக்கு நேரமில்லை, என் மேல் ஓர் ஆந்தை. திரும்பிப் பார்த்தால் மேட்டில் கொம்பைக் காணோம். சரி, கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று நினைத்தேன். மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு பழுப்புத் துணி வந்தது. மரக்கட்டைக் கேடயம். பெயரைக்கூட மறைத்து வைத்திருந்தான். எங்கள் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அக்கா மட்டும் சொன்னார்:

"வாடா. தேவையில்லாமக் குதிச்சுக் குதிச்சு நடக்கறவன் இந்த உலகத்துல நீ ஒருத்தன்தான். முன்னாடி போய் நில்லு."

போய் நின்றான்.

அன்பர்களே, அதற்குப் பிறகு நடந்ததை நான் எப்படிச் சொல்வேன்? நான் எதற்கும் எளிதில் பரவசப்படுகிறவள் இல்லை. ஆனால் அந்தப் புள்ளிக் கோடு ஏறிய ஏற்றத்தைப் பார்த்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்! காட்டை முடித்தோம், கோடு ஏறியது! உப்புப் பாலையைக் கடந்தோம், கோடு ஏறியது! பனிமலையில் வழுக்கி விழுந்து விழுந்து போனோம், விழ விழ ஏறியது! அக்கா ஒரு நிலை ஏறினால் நாங்கள் நால்வரும் அவரோடு ஒரு நிலை ஏறினோம். பழுப்புத் துணி சாம்பல் துணியாயிற்று, சாம்பல் துணி தோல் கவசமாயிற்று. நாகப் பள்ளத்தாக்கில் பல மாலை நின்று கிடைக்காததை ஒரே மாலையில் எடுத்தோம்.

புள்ளி மட்டுமா? ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் நடுவே நடக்க வேண்டுமே! நடக்கும்போது பேச வேண்டுமே! ஒரு நாள் பனிமலையில் போகும்போது இரும்பன் சொன்னான்:

"அம்மா, ஒண்ணு சொல்லட்டுமா? சிரிக்கக் கூடாது."

"சொல்லுடா."

"சோதனைக்குக் கப்பலைக் கடலுக்கு எடுத்துட்டுப் போனாங்கல்ல. எனக்கு வாந்தி வந்துடுச்சும்மா. நாள் பூரா. கப்பலுக்குப் போறவன் இதை யாருகிட்டச் சொல்றது? பயமா இருக்கு."

தலைவர்கூடப் பேசவில்லை, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும்.

அக்கா சொன்னார்: "உங்கப்பாவுக்கு ஊஞ்சல்ல உட்கார்ந்தாலே வரும். அதுக்காக வேலைக்குப் போகாமலா இருந்தார்? முதல் கொஞ்ச நாள் வரும். அப்புறம் உடம்பு கத்துக்கும். மருந்து வாங்கி வெச்சுக்க. முன்னாடி பாரு, ஓநாய் வருது."

'சாப்ட்டியா', 'சாப்ட்டேன்' என்பதைத் தவிர வேறு சொல் அறியாத வாய்கள் அவை! எது அவற்றைத் திறந்தது? நேருக்கு நேர் உட்காரவைத்து 'பேசு' என்றால் பேசுவானா? பக்கத்தில் பக்கமாக, ஒரே உயரத்தில், ஒரே அடியை வாங்கிக்கொண்டு நடந்தார்கள். பேச்சு தானாக வந்தது.

தலைவர் ஒரு துண்டுச் சீட்டு தருகிறார். 'நேரம்' என்று எழுதியிருக்கிறது. தலைவரே, கோட்டைக் கதவு வரை வந்துவிட்டோம், இப்போது இறக்கிவிட்டால் இந்தக் கூட்டம் உங்களை விடாது. விடுவீர்களா? 'விட மாட்டோம்' என்கிறார்கள். சீட்டு உங்களிடமே இருக்கட்டும்.

பருவத்தின் கடைசி நாள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அக்காவுக்கு அறுபது! ஒளித்தூண் எழும்பியது, எக்காளம் ஒலித்தது, பேக்கரிக்காரர் எங்கோ தன் வீட்டில் பாத்திரத்தைத் தட்டினார். கோட்டைக்குள் நுழைந்தோம். உள்ளே கருங்கல் பூதம். முதல் முறை தோற்றோம். இரண்டாம் முறை பாதி வழியில் தோற்றோம். வெளியே போய் மறுபடி வரவேண்டும். இன்னொரு முறைக்குத்தான் நேரம் இருந்தது.

மூன்றாம் முறை. பூதத்தின் உயிர் கரைகிறது, கரைகிறது, ஒரு விரற்கடைதான் மிச்சம்! அப்போது அது இரண்டு கையையும் ஓங்கித் தரையில் அடித்தது. இரும்பன் விழுந்தான். தலைவரும் விழுந்தார். என் அம்பறாத்தூணி காலி. வாளோடு பேக்கரிக்காரர் மட்டும் நிற்கிறார், அவர் உயிரும் ஊசலாடுகிறது. ஒரு சண்டையில் ஒரே ஒருவரைத்தான் மருத்துவச்சி எழுப்பலாம். தாய்மார்களே, உங்களைத்தான் கேட்கிறேன். இரண்டு பேர் விழுந்து கிடக்கிறார்கள். ஒருவர் பல் மருத்துவர். ஒருவன் பெற்ற பிள்ளை. அடுத்த வாரம் கப்பல் ஏறப்போகிற பிள்ளை. யாரை எழுப்புவீர்கள்?

'பிள்ளையை' என்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அக்கா தலைவரை எழுப்பினார்!

ஏன் தெரியுமா? கேடயம் காப்பாற்றும், கொல்லாது. அந்த ஒரு விரற்கடை உயிரை எரிக்க நெருப்பு வேண்டும். நெருப்பு தலைவர் கையில்தான் இருந்தது. எழுப்பிய கையோடு தன்னிடம் மிச்சமிருந்த சக்தி முழுவதையும் பேக்கரிக்காரர் மேல் கொட்டினார். "தம்பி, நீ நில்லு! நான் இருக்கேன், நில்லு! டாக்டர், என்னைப் பார்க்காதீங்க, அதைப் பாருங்க!" தலைவர் கையை உயர்த்தினார். நெருப்பு எழுந்தது! பூதம் சரிந்தது! கருங்கல் பூதம், கோட்டையின் காவல், கடைசிக் கதவின் கடைசித் தடை, பொடிப் பொடியாய்ச் சரிந்தது!

எங்கள் எல்லோரையும்விடப் பலமாகக் கத்தியது யார்? தரையில் விழுந்து கிடந்தவன்! கிடந்த இடத்திலிருந்தே கத்தினான்: "அம்மா! நீ என்னை எழுப்பியிருந்தா தோத்திருப்போம்மா!"

அக்கா நிதானமாகச் சொன்னார்: "தெரியும்டா. அதான் படுடான்னு விட்டேன்."

கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். அவர் தலையைக் குனிந்துகொள்கிறார், அதற்காக நிறுத்த வேண்டாம்.

அவன் கப்பல் ஏறிவிட்டான். முதல் வாரம் வாந்தியும் எடுத்தான். துறைமுகம் வரும்போது கூப்பிடுகிறான். பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது, கீழே என் அறை வரைக்கும் கேட்கிறது. 'பேக்கரிக்காரர் பின்னாடி பார்க்கறாரா, டாக்டர் நெருப்புல நிக்காம நகர்றாரா' என்றெல்லாம் விசாரிக்கிறான்.

இப்போது சொல்லுங்கள், விரைவாக நிலை உயர என்ன வழி? அறுபதில் அமர்ந்திருக்கும் அன்பர்களே, உங்களைத்தான் கேட்கிறேன்! உங்கள் கிரீடத்தை நேசிக்கிறீர்களா, நேசியுங்கள். உங்கள் சிறகு மினுக்குகிறதா, மினுக்கட்டும். ஆனால் உங்கள் பின்னால் பாறையோரம் ஒதுங்கி நிற்கிறவரை ஒரு முறை திரும்பிப் பாருங்கள். நீங்கள் உதவுகிறீர்களா, மறைக்கிறீர்களா? அவர் ஏறவேண்டுமா? இறங்குங்கள்! அவர் கற்கவேண்டுமா? அவர் கையில் உங்கள் உயிரைக் கொடுங்கள்! அவர் குரல் எழும்ப வேண்டுமா? கேட்கும் தூரத்துக்கு வாருங்கள்! இதை நான் கருணை என்று சொல்லவில்லை. கருணையைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது. கணக்கு என்று சொல்கிறேன். கோட்டைக்கு ஐந்து பேர் வேண்டும், ஐந்தும் ஆளாக இருக்க வேண்டும், மூட்டையாக இருந்தால் பூதத்தின் முன்னால் நிற்காது.

கடைசியாக ஒரு செய்தி. சென்ற பருவத்தில் நம் குழுவின் தலைசிறந்த மருத்துவச்சி என்று அறிவிக்கப்பட்ட அக்கா, இன்று எந்த நிலையில் இருக்கிறார் தெரியுமா? ஒன்பது! ஆமாம், ஒன்பது. பழுப்புத் துணி. ஏனென்று கேட்டால், இரும்பன் போன இடத்துக்கு ஒரு கேடயக்காரர் தேறிக்கொண்டிருக்கிறார். கண்ணாடிக் கடையின் முதலாளியம்மா! அக்காவின் பக்கத்து நாற்காலிதான். நேற்று ஆந்தைக் காட்டின் ஓரத்தில் அக்கா அவரைப் பார்த்துக் கத்தியதை என் காதால் கேட்டேன்: "மேடம், கடையில நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன். இங்க நான் சொன்னா முன்னாடி போய் நிக்கணும்!"

முதலாளியம்மா சிரிக்கிறார். போய் நின்றாராம்.

பேச இடம் தந்த தலைவருக்கும், சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்ட அவரது பெருந்தன்மைக்கும், ஒலிபெருக்கியை ஒரு முறைகூட அலறவிடாமல் காத்த மின்பணியாளருக்கும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்த தாய்மார்களுக்கும், சிரிக்கக் கூடாத இடத்திலும் சிரித்த கடைசி வரிசைக்கும் என் நன்றி. பக்கவாட்டு மேசைகளில் கணினிகள் தயாராக இருக்கின்றன. புதியவர்கள் போய் அமருங்கள். அறுபதில் இருப்பவர்களே, உங்களுக்கு வழி தெரியும். மேற்கு வாசல், இடது பக்கம். நான் முன்னால் போகிறேன். வணக்கம்.